கொழும்புக்குப் போகாமல் ஐமாட் பரீட்சைக்குப் படிக்க முடியுமா?

திருக்கோவிலிலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: "தமிழ்மொழி மூலம் உயிரியல் பிரிவில் உயர்தரம் எழுதினேன். மூன்று பாடமும் சித்தி. ஆனால் இசட் புள்ளி மருத்துவத்துக்குப் போதவில்லை. இத்தாலியில் ஆங்கிலத்தில் மருத்துவம் படிக்க ஐமாட் என்ற நுழைவுப் பரீட்சை இருக்கிறது என்றார்கள். எங்கள் பக்கத்தில் அதற்கு வகுப்பு இல்லை. கொழும்பில் தங்கிப் படிக்க வீட்டில் வசதியும் இல்லை. வீட்டிலிருந்தே தனியாகப் படிக்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?"

முடியும், மகள். நான் மட்டக்களப்பில் இருபது வருடத்துக்கு மேலாக உயர்தர இரசாயனவியல் கற்பிக்கிறேன். வெளிநாட்டு நுழைவுப் பரீட்சைகளுக்குத் தாமாகவே படித்த பிள்ளைகள் சிலருக்குப் பக்கத்தில் இருந்து உதவியும் இருக்கிறேன். அவர்கள் எல்லோரும் முதலில் பயந்தது ஒன்று, உண்மையில் இடறி விழுந்தது வேறொன்று. "எனக்குப் பாடம் போதாது" என்று பயந்து புதிய புத்தகங்களைத் தேடி ஓடினார்கள். பாடம் அவர்களிடம் போதிய அளவு இருந்தது. அது தமிழில் இருந்தது என்பதும், ஒரு வினாவுக்கு இரண்டரை நிமிடம் எடுத்துப் பழகிய கையோடு இருந்தது என்பதுமே சிக்கல். பரீட்சைக்கு முன் உள்ள ஒன்பது மாதத்தில் உங்கள் வேலை இந்த இரண்டையும் மாற்றுவதுதான். இரண்டு வருடம் இரவு பகலாகப் படித்த விஞ்ஞானத்தை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியதில்லை.

முதலில் பரீட்சையின் உருவத்தைப் பாருங்கள். ஐமாட் வருடத்துக்கு ஒரு தடவைதான் நடக்கும், அண்மைய ஆண்டுகளில் செப்டெம்பரில். இத்தாலிய அரச பல்கலைக்கழகங்களில் ஆங்கிலத்தில் நடக்கும் மருத்துவக் கற்கைக்கு அதுதான் வாசல். மொத்தம் 60 வினாக்கள், 100 நிமிடங்கள், ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடைகள். 2023 முதல் உள்ள பங்கீடு இது: உயிரியல் 23, இரசாயனவியல் 15, பௌதிகவியலும் கணிதமும் சேர்த்து 13, தர்க்கம் 5, வாசிப்பும் பொது அறிவும் 4. சரியான விடைக்கு 1.5 புள்ளி, பிழையான விடைக்கு 0.4 குறையும், வெறுமையாக விட்டால் ஒன்றும் இல்லை. கணிப்பான் கொண்டுபோக முடியாது.

60 வினாவில் 38 உயிரியலும் இரசாயனவியலும். எங்கள் உயர்தரப் பாடத்திட்டத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கலம், பிறப்புரிமையியல், மனித உடற்றொழிலியல், அணுக் கட்டமைப்பு, சமநிலை, ஒட்சியேற்றம் தாழ்த்தல், சேதன இரசாயனவியல் என்று பெரும்பகுதி நீங்கள் ஏற்கெனவே கடந்து வந்த இடம். பல இடங்களில் நாங்கள் அவர்கள் கேட்பதைவிட ஆழமாகப் படிக்கிறோம்.

இனி மொழிக்கு வருகிறேன். இதைப் பற்றி நீளமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பிள்ளைகள் புள்ளியை இழப்பது இங்கேதான்.

ஆங்கிலம் தெரியாது என்பதால் மட்டும் இது வருவதில்லை. நன்றாக ஆங்கிலம் பேசும் பிள்ளைக்கும் வரும். ஓர் உதாரணம் பாருங்கள். இழையுருப்பிரிவு, ஒடுக்கற்பிரிவு என்ற இரண்டு சொற்களையும் தமிழில் யாரும் மாற்றி வாசிக்க மாட்டார்கள். பார்வைக்கும் ஒலிக்கும் அவை வேறு வேறு. ஆங்கிலத்தில் அவை மைட்டோசிஸ், மையோசிஸ். எழுத்தில் இரண்டு இடம்தான் வித்தியாசம். நூறு செக்கனில் வாசித்து விடை போட வேண்டிய அவசரத்தில் கண் வழுக்கிவிடும். குளுக்ககன் என்பது ஓமோன், கிளைக்கோஜன் என்பது ஈரலிலும் தசையிலும் சேமிக்கப்படும் பொருள். யூரிற்றர் சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் குழாய், யூரித்ரா பையிலிருந்து வெளியே போகும் குழாய். இவை பாடப் பிழைகள் அல்ல, கண் பிழைகள். கண்ணுக்குப் பயிற்சி கொடுக்காமல் எவ்வளவு பாடம் படித்தாலும் இவை தீராது.

இன்னொரு பொறி இருக்கிறது. இணையத்தில் தமிழில் விஞ்ஞானப் பாடம் தேடினால் கிடைப்பதில் பெரும்பகுதி தமிழ்நாட்டுக் காணொளிகள். நல்ல ஆசிரியர்கள் பலர் இருக்கிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் அங்குள்ள கலைச்சொல் வேறு, எங்களுடையது வேறு. நாங்கள் கதி என்பதை அவர்கள் வேகம் என்பார்கள். நாங்கள் வேகம் என்பது அவர்களுக்குத் திசைவேகம். எங்கள் ஆர்முடுகல் அவர்களின் முடுக்கம். எங்களுக்கு அமுக்கம், அவர்களுக்கு அழுத்தம். எங்கள் பௌதிகவியலில் அழுத்தம் என்றால் அது மின்பாடத்துச் சொல், அழுத்த வித்தியாசம் என்று நீங்கள் எத்தனையோ கணக்குச் செய்திருப்பீர்கள். நாங்கள் மூலம் என்று படித்ததை அவர்கள் காரம் என்கிறார்கள். நாங்கள் பிரசாரணம் என்றால் அவர்கள் சவ்வூடு பரவல். ஏற்கெனவே தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும் பிள்ளை நடுவில் மூன்றாவது சொற்றொகுதி ஒன்றையும் தலையில் ஏற்றிக்கொண்டால் குழப்பம்தான் மிஞ்சும். ஆகவே இந்த ஒன்பது மாதமும் காணொளி பார்ப்பதானால் ஆங்கிலத்தில் பாருங்கள். முதல் மூன்று கிழமை கஷ்டமாக இருக்கும். பிறகு காது பழகிவிடும்.

ஆங்கிலத்துக்கு மாறுவதற்கு எங்கள் நாட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்துபவர்கள் மிகக் குறைவு என்பது எனக்குத் தீராத மனவருத்தம். எங்கள் உயர்தர வினாத்தாள் மூன்று மொழியிலும் வருகிறது. நீங்கள் தமிழில் எழுதிய அதே இரசாயனவியல் தாளின் 17ஆம் வினா, ஆங்கிலத் தாளிலும் 17ஆம் வினாதான். அதே எண்கள், அதே விடைகள், அதே ஒழுங்கு. தேசிய கல்வி நிறுவகத்தின் வளநூல்களும் அப்படியே தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. உங்களுக்குத் தெரிந்த பாடம், தெரிந்த படம், தெரிந்த விளக்கம், மொழி மட்டும் வேறு. இதைவிட நல்ல அகராதி உலகத்தில் இல்லை. எந்தக் காசும் கொடுக்கத் தேவையில்லை.

எப்படிச் செய்வது என்று சொல்கிறேன். கடந்தகாலத் தாள் ஒன்றின் பல்தேர்வு வினாக்கள் 50ஐயும் ஆங்கிலத்தில் எடுங்கள். தமிழ்த் தாளைப் பக்கத்தில் கவிழ்த்து வையுங்கள். ஆங்கிலத்தில் வாசித்து விடை போடுங்கள். புரியாத இடத்தில் மட்டும் தமிழ்த் தாளைத் திருப்பிப் பார்த்து, எந்தச் சொல்லால் தடைப்பட்டீர்களோ அந்தச் சொல்லைக் கொப்பியில் எழுதுங்கள். அந்தச் சொல் மட்டும் போதாது, அது வந்த முழு வசனத்தையும் எழுதுங்கள். ஏனென்றால் பிள்ளைகள் தடைப்படுவது பெரும்பாலும் கலைச்சொல்லில் அல்ல. ஆகக்குறைந்தது, ஆகக்கூடியது, தவிர, இல்லாவிடில், முறையே போன்ற சிறு சொற்களின் ஆங்கில வடிவங்களில்தான்.

களுவாஞ்சிகுடியிலிருந்து வந்த ஒரு மாணவனின் கொப்பி என் மேசை இலாச்சியில் இன்னும் இருக்கிறது. நீல மட்டை, எண்பது பக்கக் கொப்பி. ஒவ்வொரு பக்கத்தையும் அடிமட்டத்தால் மூன்று நிரலாகப் பிரித்திருந்தான். முதலாவது 'தெரியாது', இரண்டாவது 'பிழையாக வாசித்தேன்', மூன்றாவது 'நேரம் போதவில்லை'. பிழைத்த ஒவ்வொரு வினாவின் இலக்கத்தையும் இந்த மூன்றில் ஒன்றில் போட்டு, பக்கத்தில் ஒரு வரி எழுதுவான். முதல் பத்துப் பக்கத்திலும் நடு நிரல்தான் நிரம்பி வழிகிறது. ஓரிடத்தில் "எக்செப்ற் என்ற சொல்லைக் காணவில்லை" என்று எழுதி அதன் கீழே சிவப்புப் பேனையால் இரண்டு கோடு. நாற்பதாவது பக்கத்துக்கு வரும்போது நடு நிரலில் இரண்டு மூன்று இலக்கங்கள்தான். அந்தக் கொப்பி முறையை அவன் எந்த வகுப்பிலும் படிக்கவில்லை. நீங்களும் அப்படி ஒன்றை இன்றே தொடங்கலாம்.

இப்போது கசப்பான செய்தி: கணிதம். உயிரியல் பிரிவுப் பிள்ளைகள் சாதாரண தரத்தோடு கணிதத்தை மூடி வைத்துவிடுகிறார்கள். ஐமாட்டில் மடக்கை, அடுக்கு, திரிகோணகணிதம், சார்புகள், நிகழ்தகவு, கேத்திரகணிதம் எல்லாம் வரும். சாதாரண தரத்தில் பாதி இருக்கிறது, பௌதிகவியலில் இன்னும் கொஞ்சம் பழகியிருப்பீர்கள், மிச்சத்தை இப்போது படிக்க வேண்டும். தனியாகப் படிக்கக் கஷ்டமான ஒரே பகுதி என்று நான் நினைப்பது இது. அக்கரைப்பற்றிலோ கல்முனையிலோ இணைந்த கணிதம் படித்த ஒருவர் கிடைத்தால், கிழமைக்கு ஒரு நாள், இரண்டு மாதம் உட்கார்ந்து கேட்டுக்கொள்ளுங்கள். காசு செலவழிப்பதானால் இதற்குச் செலவழியுங்கள்.

கணிப்பான் இல்லாதது உங்களுக்குச் சாதகம். உயர்தரத்திலும் நீங்கள் கணிப்பான் தொட்டதில்லை. கணிப்பானோடு வளர்ந்த வெளிநாட்டுப் பிள்ளைகள் இங்கே தடுமாறுவார்கள். மடக்கை 2 என்றால் 0.30, மடக்கை 3 என்றால் 0.48, மடக்கை 5 என்றால் 0.70 என்ற மூன்றையும் மனனம் செய்து வைத்தால் இரசாயனவியலில் பல கணக்குகள் வாயாலேயே முடியும். லீற்றருக்கு 0.02 மூல் செறிவுள்ள ஐதரோகுளோரிக் அமிலத்தின் பீ.எச். பெறுமானம் என்ன? 0.02 என்பது 2 தர பத்தின் மறை இரண்டாம் அடுக்கு. 2 இலிருந்து 0.30ஐக் கழித்தால் 1.70. பதினைந்து செக்கன் வேலை.

ஆனால் நேரம் எங்களுக்குப் பாதகம். உயர்தரப் பல்தேர்வில் 50 வினாவுக்கு இரண்டு மணித்தியாலம், அதாவது ஒரு வினாவுக்கு 2 நிமிடம் 24 செக்கன். ஐமாட்டில் 1 நிமிடம் 40 செக்கன். அதுவும் உங்கள் மொழி அல்லாத மொழியில். ஆகவே உயிரியலை ஐம்பது அறுபது செக்கனில் முடித்து, மிச்சம் பிடித்த நேரத்தைப் பௌதிகவியலுக்கும் கணிதத்துக்கும் கொடுக்க வேண்டும். நான் சொல்லும் ஒழுங்கு: முதலில் உயிரியல், அடுத்து இரசாயனவியல், பிறகு பௌதிகவியலும் கணிதமும், கடைசியில் தர்க்கமும் பொது அறிவும். தாளில் தர்க்கம் முன்னால் அச்சிடப்பட்டிருந்தாலும் அங்கே தொடங்க வேண்டாம். ஒரு தர்க்க வினா நான்கு நிமிடத்தை விழுங்கிவிடும்.

பிழைக்குப் புள்ளி குறைவதும் எங்கள் பிள்ளைகளுக்குப் புதிது. உயர்தரத்தில் தெரியாவிட்டாலும் ஏதாவது ஒன்றுக்குப் புள்ளடி போட்டுவிட்டு வருவோம். இங்கே கணக்குப் பார்க்க வேண்டும். ஐந்து விடையில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைப் போட்டால், ஐந்து தடவையில் ஒரு தடவை 1.5 கிடைக்கும், நான்கு தடவை 0.4 போகும். ஐந்துக்கும் சேர்த்து 1.5 வரவு, 1.6 செலவு. சிறு நட்டம். ஆனால் ஒரு விடை நிச்சயமாகப் பிழை என்று தெரிந்து அதை வெட்டிவிட்டால், மீதி நான்கில் ஊகிக்கும்போது நான்கு தடவைக்கு 1.5 வரவு, 1.2 செலவு. இலாபம். ஆகவே விதி சுருக்கமானது. ஒன்றையாவது வெட்ட முடிந்தால் போடுங்கள், எதையும் வெட்ட முடியாவிட்டால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மாதிரிப் பரீட்சையிலும் இதே முறையில் புள்ளி போட வேண்டும். 60க்கு எத்தனை சரி என்று எண்ணிப் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

புத்தகம் வாங்குவதில் கவனம். சில வருடங்களுக்கு முன் என் தங்கையின் மகள் அமெரிக்காவுக்கு விண்ணப்பிக்க விரும்பி நகரிலுள்ள ஒரு நிலையத்தில் சாட் பாடப் பரீட்சைக்கு என்று பௌதிகவியல், இரசாயனவியல் இரண்டுக்கும் தடித்த பிரதிகளைப் பெருந்தொகை கொடுத்து வாங்கி வந்தாள். நான்கு மாதம் படித்தாள். அந்தப் பாடப் பரீட்சைகள் 2021 உடன் நிறுத்தப்பட்டுவிட்டன என்று விண்ணப்பிக்கப் போன அன்றுதான் தெரிந்தது. விற்றவர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் அழுததை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. அதே கதிதான் இங்கிலாந்தில் மருத்துவம் படிக்க எழுதிய பீமாட் பரீட்சைக்கும்: 2023 உடன் முடிந்துவிட்டது, புத்தகங்கள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. ஐமாட் பழைய தாள்களை நீங்கள் செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் 2021 வரையான சில ஆண்டுகளின் தாள்களில் தர்க்கமும் பொது அறிவும் 22 வினா, உயிரியல் 18 மட்டும். அந்தத் தாள்களில் வரும் புள்ளியை வைத்து இன்றைய நிலையை அளக்க வேண்டாம். விஞ்ஞான வினாக்களைப் பிரித்தெடுத்துப் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பாடநூலுக்கு ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிடும் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் நூல்கள் போதும். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தின் வெளியீடு, முழுவதும் இலவசம், தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம். விளக்கம் கேட்க கான் அகாடமி என்ற இலவச இணையத்தளம். கார்த்திகை மார்கழி மழையில் மின்சாரம் போய் இணையமும் போகும் நாட்கள் உங்கள் பக்கத்தில் வரும் என்று எனக்குத் தெரியும். ஆகவே தொலைபேசியில் பார்ப்பதைவிட, வேண்டிய அத்தியாயங்களை அச்செடுத்துக் கட்டி வைப்பதே நல்லது.

ஜப்பான் அரசாங்கத்தின் மெக்ஸ்ட் புலமைப்பரிசில் பற்றியும் பலர் கேட்கிறார்கள். கொழும்பிலுள்ள ஜப்பான் தூதரகம் வழியாக விண்ணப்பிப்பது. படிப்புச் செலவு, மாதக் கொடுப்பனவு, விமானப் பயணம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. பழைய வினாத்தாள்கள் விடையோடு இலவசமாகக் கிடைக்கும். ஆனால் உயிரியல் பக்கம் போகிறவர்களும் கணிதத் தாள் எழுத வேண்டும், அதில் வகையீடும் தொகையீடும் வரும். கணிதப் பிரிவில் படித்த தம்பி, அண்ணன் யாராவது வீட்டில் இருந்தால் அவர்களுக்கு இது மிகப் பொருத்தம். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ், இம்பீரியல் பக்கம் கண் வைத்திருக்கும் கணிதப் பிரிவுப் பிள்ளைகளுக்கு 2024 முதல் ஈசாட் என்ற பரீட்சை வந்திருக்கிறது. ஒரு பகுதிக்கு 40 நிமிடத்தில் 27 வினா, கணிப்பான் இல்லை, பிழைக்குப் புள்ளி குறையாது. அங்கே வெறுமையாக எதையும் விட வேண்டாம்.

தனியாகப் படிப்பது என்றால் தனிமையில் படிப்பது அல்ல. கிழமைக்கு ஒரு தடவையாவது ஒருவருக்குச் சத்தமாக விளக்கிச் சொல்லுங்கள், ஆங்கிலத்தில். தோழி கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் அம்மாவை உட்கார வைத்துச் சிறுநீரகம் எப்படி வடிக்கிறது என்று சொல்லுங்கள். அவருக்கு மொழி புரியாவிட்டாலும் நீங்கள் எங்கே திக்குகிறீர்கள் என்பது உங்களுக்கே கேட்கும். ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி மட்டக்களப்பு வந்து நூலகத்தில் 100 நிமிடம் மணி பார்த்து ஒரு முழுத் தாள் செய்யுங்கள். வீட்டுக் கதிரையில் செய்வதும் அந்நிய இடத்தில் செய்வதும் ஒன்றல்ல. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு வரும், அந்த நாட்களில் புத்தகத்தை மூடிவிட்டுப் போய் வாருங்கள். உங்கள் ஊரில் ஆடி அமாவாசைத் தீர்த்தம் முடிகிறபோது கையில் ஒன்று, ஒன்றரை மாதம்தான் மிச்சம் இருக்கும். அதற்குப் பிறகு புதிதாக எதையும் படிக்காமல் முழுத் தாள்களும் அந்த மூன்று நிரல் கொப்பியும் மட்டும்.

கடிதாசி வேலையை இப்போதே தொடங்குங்கள். முதலில் கடவுச்சீட்டு. எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பாவின் பெயர்தான் முன்னால் வரும். விண்ணப்பங்கள் குடும்பப் பெயரைத் தனியாகக் கேட்கும். கடவுச்சீட்டில் எந்த இடத்தில் எந்த எழுத்துக்கூட்டில் இருக்கிறதோ அதையே எல்லா இடத்திலும் போடுங்கள். பெறுபேற்றுச் சான்றிதழை ஆங்கிலத்தில் பரீட்சைத் திணைக்களத்தில் எடுக்கலாம். இத்தாலிய அனுமதி விண்ணப்பங்கள் யூனிவர்சிட்டலி என்ற அரச இணையத்தளம் வழியாகப் போகும், பதிவுக் காலம் குறுகியது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் தனியாக ஒதுக்கிய இடங்கள் உண்டு. எந்தப் பல்கலைக்கழகம் என்று தெரிவுசெய்வதற்கு முன் அந்த எண்ணிக்கையைப் பாருங்கள். அரச பல்கலைக்கழகக் கட்டணம் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது, பிராந்திய உதவித்தொகையும் இருக்கிறது. இரண்டுக்கும் வருமானச் சான்று மொழிபெயர்ப்போடு வேண்டும். அப்பா வயல் செய்கிறவர் என்றால் அந்த ஆவணம் எடுக்க நாளெடுக்கும், கிராம சேவகரிடம் முன்கூட்டியே போங்கள்.

இன்னொன்று, இதைக் காசு கட்டுவதற்கு முன் செய்ய வேண்டும். வெளிநாட்டில் மருத்துவம் படித்துத் திரும்புபவர்கள் இங்கே தொழில் செய்ய இலங்கை மருத்துவச் சபையின் பதிவுப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். நீங்கள் போக நினைக்கும் பல்கலைக்கழகத்தைச் சபை ஏற்கிறதா, உங்கள் உயர்தரப் பெறுபேறு சபையின் நிபந்தனைக்குள் வருகிறதா என்று எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முகவர் வாயால் சொல்வதை நம்பி ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டாம்.

இந்தக் கிழமைக்கு மூன்று வேலை தருகிறேன். நீங்கள் எழுதிய ஆண்டின் இரசாயனவியல் பல்தேர்வுத் தாளை ஆங்கிலத்தில் எடுத்து மணி பார்க்காமல் செய்யுங்கள். கொப்பியில் மூன்று நிரல் கீறுங்கள். தடைப்பட்ட வசனங்களை எழுதி, ஞாயிற்றுக்கிழமை அவற்றை மட்டும் மறுபடி வாசியுங்கள். அடுத்த முறை எழுதும்போது நடு நிரலில் எத்தனை இலக்கம் விழுந்தது என்று எனக்குச் சொல்லுங்கள். அதைப் பார்த்துத்தான் அடுத்த மாதத்துக்கு என்ன செய்வது என்று நான் சொல்ல முடியும்.